என் போனில் திறந்த பக்கம்

ரிஸ்வானா தொலைபேசிக் கம்பனியின் மாத்தளைக் கிளையில் நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறாள். முறைப்பாடு வந்த இடத்துக்குப் போய், இணைப்பைச் சோதித்து, அறிக்கை எழுதி, முறைப்பாட்டை மூடுகிற வேலை. என்னோடு ஆறு மாதம் கூடவே சுற்றித் தொழில் பழகியவள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அடிக்கடி எனக்குப் போன் எடுத்துப் பேசுவாள். சென்ற மாதம் எடுத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அங்கிள், இந்த நெட் பேக்கேஜ் விஷயமா அரசாங்கத்துல பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேக்குறாங்க. நாலஞ்சு ஆப் மட்டும் தெறக்க விட்டு, மத்ததெல்லாம் மூடி விக்கலாமா கூடாதான்னு. நீங்க ஒண்ணு எழுதுங்களே. நாங்க எழுதினா வேல போயிரும்."

"எங்க அனுப்பணும்?"

"வெப்சைட்லதான் போடணும் அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. போனுக்கு நான் வாங்கிப் போடுகிற நெட் கார்டில் அந்த வெப்சைட் திறக்காது. ஆகவே இதைக் கொப்பியில் எழுதுகிறேன். அவள் தட்டச்சுச் செய்து போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இந்த விஷயத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு விவாதம் பார்த்தேன். டை கட்டிய ஒருவர், முழு இணையத்தை வாங்க வசதியில்லாத ஏழைக்கு அரை இணையத்தையாவது மலிவாகக் கொடுக்கிறோமே, அது புண்ணியம்தானே என்றார். கண்ணாடி போட்ட இன்னொருவர், எல்லாப் பக்கமும் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறக்க வேண்டும், எதைத் திறப்பது என்று தீர்மானிக்கக் கம்பனிக்காரன் யார் என்றார். இரண்டு பேரும் நன்றாகப் பேசினார்கள். ஆனால் இரண்டு பேருமே இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பாறையில் ஏறி, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன். நின்று, 'பழுது இல்லை' என்று இரண்டு சொல் எழுதிவிட்டு வந்தேன். அந்த இரண்டு சொல்லால் ஒரு பெண் பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் இல்லாமல் போனது. அது பொய்யும் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் பிறந்ததும் தேயிலைத் தோட்ட லயத்தில்தான். அந்தப் பிள்ளையின் தோட்டத்துக்கு இரண்டு மலை தள்ளி. அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கேபிள் குழி வெட்டப் போனேன். குழி வெட்டி, கம்பம் நட்டு, கம்பம் ஏறி, வயர் முடிந்து, ஒன்பது வருடம் கழித்துத்தான் நிரந்தரமாக்கினார்கள். யுத்த காலத்தில் நாவுல பக்கம் பையில் வயரோடு போய், சோதனைச் சாவடியில் அரை நாள் குந்தவைத்த கதையெல்லாம் உண்டு. அது இங்கே தேவையில்லை.

எனக்குத் தொழில் படிப்பித்தவர் சிவகுருநாதன் சார். யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய மனிதர். எந்த வெயிலிலும் சட்டைக் கையை மடித்துவிட மாட்டார். உட்காருவதற்கு முன்னால் கைலேஞ்சியால் நாற்காலியைத் துடைத்து, அதை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் உட்காருவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். சுவரைப் பார்ப்பார். "பரவாயில்லை. திரும்பப் போய்ப் பாத்திட்டு வாரும்" என்பார். அவ்வளவுதான். அது மழையோ, இருபது மைல் மலைப்பாதையோ, அன்றைக்கே திரும்பப் போக வேண்டும். அந்தப் 'பரவாயில்லை'க்கு நாங்கள் பயந்த மாதிரி வேறு யாருடைய ஏச்சுக்கும் பயந்ததில்லை.

அவரிடம் நான் படித்த முக்கியமான பாடம் பல்லேபொலவில் நடந்தது. அங்கே மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற ஒரு முதலாளி, போன் செத்துவிட்டது என்று முறைப்பாடு கொடுத்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் வயரைக் கழற்றி, புது வயர் இழுத்து, பொழுது சாய முடித்தேன். போன் அப்போதும் செத்துத்தான் கிடந்தது. அடுத்த நாள் சார் கூட வந்தார். இடுப்பிலிருந்த தோல் பையிலிருந்து சோதனை போனை எடுத்தார். சுவரில் வயர் இறங்குகிற இடத்தில் இரண்டு கிளிப்பை மாட்டினார். காதில் வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'ஙொய்' என்று டோன் தெளிவாகக் கேட்டது. பிறகு முதலாளியின் போனைத் திருகாணி கழற்றித் திறந்தார். உள்ளே எறும்புப் புற்று.

"தம்பி, நீர் ஒரு நாள் முழுக்க நல்ல வயரைக் கழட்டிப்போட்டு நல்ல வயர் போட்டிருக்கிறீர்" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். எனக்கு முகம் கறுத்துப் போனது. திரும்பும் வழியில் வாகனத்தில் வைத்துச் சொன்னார், "உம்மட போனை நம்பும். வீட்டுக்காரரிட போனை நம்பாதையும். உம்மட போனில டோன் கேட்டால் லைன் நல்லது. பிழை வீட்டுக்குள்ளதான்."

முப்பது வருடம் நான் இதை விட்டு விலகவில்லை. அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம். வயர் என்றால் ஒரே வயர். முதலாளி வீட்டு டோனும் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டு டோனும் ஒன்றுதான். அந்த டோனை வைத்து ஆஸ்பத்திரிக்கும் பேசலாம், சாராயக் கடைக்கும் பேசலாம். யாரோடு பேசப் போகிறாய் என்று வயர் கேட்காது. என் போனில் கேட்டால் உன் போனிலும் கேட்டே ஆக வேண்டும். கேட்கவில்லை என்றால் உன் போன் பழுது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பிறகு வயர் போய் டவர் வந்தது. கிளிப் வைத்த போன் போய்த் தொடுதிரை போன் வந்தது. உள்ளே கம்பனி சிம். சோதிக்கிற முறை மட்டும் அப்படியே இருந்தது. வாடிக்கையாளர் சொல்கிற இடத்திலேயே போய் நிற்க வேண்டும். சிக்னல் எத்தனை கோடு என்று குறிக்க வேண்டும். வேகத்தை மூன்று தடவை அளக்க வேண்டும். ஏதாவது மூன்று பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் இணைப்பு நல்லது. கம்பனி தந்த டெப் கணினியில் ஒரு பட்டியல் வரும்: டவர், மின்சாரம், காலநிலை, வாடிக்கையாளரின் கருவி, வாடிக்கையாளரின் இடம், பழுது இல்லை. பொருத்தமானதைத் தெரிந்தெடுத்து, வாடிக்கையாளரின் விரலால் திரையில் கையெழுத்து வாங்கி, நான்கு மணிக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும். அதற்குள் சிவகுருநாதன் சார் மாத்தளைக் கிளைக்குப் பொறுப்பாகியிருந்தார். நான்கு மணிக்கு மேல் ஒரு முறைப்பாடு திறந்து கிடந்தாலும் அவர் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும். கண்ணாடி கழன்று மேசைக்கு வரும்.

அந்தப் பட்டியலில் 'பேக்கேஜ்' என்று ஒரு வரி இல்லை. பேக்கேஜ் என்பது கொழும்பில் தீர்மானித்துக் கடைப் பலகையில் வர்ணம் அடிக்கிற சமாசாரம். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தோம். எங்கள் சிம்மில் எல்லாம் திறக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் திறக்கும். மனைவிக்கும் ஊழியர் குடும்பச் சிம்தான். அந்தச் சிம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் நான் ஒரு நெட் கார்ட் கூட வாங்கியதில்லை. டவரில் எத்தனை போல்ட் என்று தெரியும். கீழே நிற்கிற ஆள் கடையில் என்ன வாங்கிப் போடுகிறான் என்று தெரியாது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

மின்வெட்டும் டீசல் வரிசையுமாக நாடு கிடந்த காலம் அது. ஒரு நாள் எனக்கு மூன்று முறைப்பாடு. இரண்டாவது, இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டம். 'இணையம் வேலை செய்யவில்லை, அவசரம்' என்று இருந்தது. பங்கீட்டுப் பெட்ரோலில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு மேலே போனேன். திருப்பத்திலேயே அந்தப் பிள்ளை நின்றாள். கௌசல்யா. கையில் பொலித்தீன் பையில் சுற்றிய பைல். என்னைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைக்குக் கூட்டிப் போனாள். அந்தத் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கேதான். சற்று நேரத்தில் அவளுடைய அம்மா செல்வராணி முதுகில் கூடையோடு மலையிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"சார், கெம்பஸ் அப்ளிகேஷன் போடணும். இன்னும் நாலு நாள்தான் இருக்கு. அந்தப் பக்கம் தெறக்கவே மாட்டேங்குது" என்றாள் கௌசல்யா.

"வேற எதாவது தெறக்குதா?"

"வாட்ஸ்அப் போகுது சார். பாட்டெல்லாம் ஓடுது. இந்தப் பக்கம்னா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. எங்க லயத்துல யாரு போன்லயும் தெறக்கல. எங்க டீச்சருக்கு மாத்தளையில தெறக்குதாம்."

பழுது என்ன என்று அந்தப் பிள்ளை புட்டுப் புட்டு வைத்துவிட்டாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, என்னுடைய முப்பது வருட அனுபவம் செய்ய வேண்டிய வேலையைச் செய்து கையில் கொடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பாட்டுப் பாக்க வேல செய்யுது, படிக்க மட்டும் வேல செய்யலையாக்கும்!"

நையாண்டியாகத்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நான் கேலியாகச் சொன்னதுதான் அச்சு அசலான உண்மை. அந்தத் தோட்டத்துக் கடையில் விற்றது ஒரே ஒரு கார்ட். அதைத்தான் எல்லாரும் நெட் கார்ட் என்றார்கள். அதில் பாட்டு ஓடும், மெசேஜ் போகும், முகம் பார்த்துப் பேசலாம். வேறு எதுவும் திறக்காது. அங்கே 'நெட்' என்றால் அதுதான். வேறு ஒரு நெட் இருக்கிறது, கூட ஒரு சின்னக் கார்ட் போட்டால் அதுவும் திறக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் பாறையில் நின்று நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தான்.

செல்வராணி அதற்குள் பெருமையைச் சொல்லிவிட்டார். "எங்க தோட்டத்துலேருந்து மொத மொத இவதான் சார் கெம்பஸுக்குப் பாஸாகியிருக்கா. வெவசாயப் படிப்பு நிச்சயமா கெடைக்கும்னு டீச்சர் சொன்னாங்க. கோயில்ல பொங்க வச்சோம்."

நான் முறைப்படி செய்தேன். நான்கு கோடு சிக்னல். வேகம் மூன்று தடவையும் நன்றாக இருந்தது. ஒரு பத்திரிகை, ஒரு வங்கி, ஒரு காலநிலைப் பக்கம் திறந்தேன். எல்லாம் வந்தது. பிறகு அவர்களுடைய திருப்திக்காக அந்த விண்ணப்பப் பக்கத்தையும் என் போனில் திறந்தேன். உடனே வந்தது. பச்சை நிறத்தில் தலைப்பு, கீழே பெயர் எழுதுகிற கட்டம்.

"இந்தா பாரும்மா, தெறக்குது. லைன்ல பழுது இல்ல. ஒன் போன்லதான் கோளாறு."

கௌசல்யா என் போனையே பார்த்தாள். பிறகு பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், இதுலயே நெரப்பிக்கிறட்டுமா? எல்லாம் ரெடியா வச்சிருக்கேன். பேப்பரெல்லாம் போட்டோ புடிச்சும் வச்சிருக்கேன். ஒரு மணி நேரம் போதும் சார்."

மணி இரண்டேகால். எனக்குப் பல்லேபொலவில் இன்னொரு முறைப்பாடு இருந்தது. நான்கு மணிக்குள் மூட வேண்டும்.

"இது ஆபீஸ் போன்மா. இதுல வெளி ஆளுங்க வேல செய்யக் கூடாது."

அப்படி ஒரு விதி இருந்தது. ஆனால் விதிக்காகச் சொல்லவில்லை. மேசையில் கழன்று கிடக்கப்போகிற கண்ணாடியை நினைத்துச் சொன்னேன். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் சார்மாரிடம் இரண்டாவது தடவை கேட்கிறதில்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தானே, எனக்குத் தெரியாதா?

"கடையில குடுத்துப் பாருங்க" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"யாரோ பாவிச்ச போனு சார்" என்றார் செல்வராணி. "காதுத் தோட்ட அடகு வச்சித்தான் வாங்கிக் குடுத்தேன்." கௌசல்யா டெப்பில் விரலால் கையெழுத்துப் போட்டாள். 'பழுது இல்லை. வாடிக்கையாளரின் கருவி.' பல்லேபொலவையும் முடித்துக்கொண்டு நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டையும் அனுப்பினேன். அன்றைக்கு எல்லா முறைப்பாடும் மூடப்பட்டது. சார் கைலேஞ்சியை மடித்துக்கொண்டே "நல்லது" என்றார்.

நான் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அதுதான் அவர்கள் செய்த குற்றம். அன்றைக்கே இரத்தோட்டையில் ஒரு கடையில் போனைக் கொடுத்தார்கள். கடைக்காரன் இரண்டு நாள் வைத்திருந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்துக் கொடுத்தான். சான்றிதழ்களின் படங்களும் அதோடு போயின. பக்கம் அப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. கடைசி நாள் பைலோடு மாத்தளைக்குப் புறப்பட்டார்கள். டீசல் இல்லை, காலை பஸ் வரவில்லை. மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்கள். இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற கொமினிகேஷன் கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது அவர்களுக்கு முன்னால் பதினைந்து பேர். அவளுடைய முறை வந்து, சான்றிதழ்களை மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து பக்கம் மூடிவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பத்து நாள் கழித்து செல்வராணி எங்கள் கிளைக்கு வந்தார். கொழுந்து எடுக்கிற உடுப்பில் இல்லை, கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார். கையில் பாடசாலை அதிபர் கொடுத்த துண்டு. அந்த நாட்களில் தோட்டத்தில் இணைப்புப் பழுதாக இருந்தது என்று கம்பனி ஒரு கடிதம் கொடுத்தால், மேன்முறையீடு போட்டுப் பார்க்கலாமாம். சார் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சார் என்னைக் கூப்பிட்டார். கணினியில் முறைப்பாட்டை எடுத்தார்.

"மணியம், இது நீர்தானே போய்ப் பாத்தனீர்?"

"ஆமா சார்."

"லைன் வேலை செய்ததோ?"

"செஞ்சிச்சு சார்."

"இந்தப் பிள்ளை கேட்ட பக்கம்?"

"அதுவும் தெறந்திச்சு சார். அம்மாவும் பாத்தாங்க."

செல்வராணி தலையை ஆட்டினார். "ஆமாங்க, தெறந்திச்சு" என்றார். பாவி மனுஷி, தன் பிள்ளைக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னார்.

"அம்மா, பழுது இல்லாத இடத்தில பழுது எண்டு நாங்கள் எழுத ஏலாது. அது பொய்யாப் போயிடும்" என்றார் சார். மரியாதையாகத்தான் சொன்னார். செல்வராணி அதிபரின் துண்டை மடித்துப் பேர்சுக்குள் வைத்தார். என்னைப் பார்த்து, "ஏறி வந்து பாத்தீங்களே சார், அதுவே பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குக் கவலையாக இருந்தது. பாவம் என்று நினைத்தேன். ஆனால் மனச்சாட்சி சுத்தமாக இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்த மாதமே ஊழியர் சிம்மை வெட்டினார்கள். நான் கடைக்குப் போய், ஒரு சிம்மும் வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஒரு நெட் கார்ட் குடுங்க" என்றேன். பலகையில் பெரிதாக எழுதியிருந்த கார்டைக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து ஓய்வூதியப் பக்கத்தைத் திறந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறினேன். சுற்றியது. டவர்காரனுக்கே சிக்னல் இல்லையா என்று மனைவி சிரித்தாள். வீம்புக்கு முறைப்பாடு கொடுத்தேன். ரிஸ்வானா வந்தாள். நான் பழக்கிய மாதிரியே கோட்டைப் பார்த்து, வேகத்தை அளந்து, தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திறந்தது.

"லைன் நல்லா ஈக்கு அங்கிள். ஒங்கட போன்லதான் ஏதோ கோளாறு."

என் வாயால் நான் சொன்னதை இன்னொருத்தி சொல்லக் கேட்டேன். "சிம்ம மாத்திப் போடு" என்றேன். என் சிம் அவளுடைய புதுப் போனுக்குள் போனது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுடைய சிம் என் பழைய போனுக்குள் வந்தது. பக்கம் திறந்துவிட்டது. ரிஸ்வானா என் கார்டைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தாள்.

"அல்லாஹ்! தெரிவு செய்யப்பட்ட செயலிகளுக்கு மட்டும்னு போட்டு ஈக்கே அங்கிள்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சீனி இறங்கிவிட்டதென்று மனைவி தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். எனக்குப் பாறையும் பச்சை நிறமும்தான் கண்ணுக்குள் நின்றது.

சிவகுருநாதன் சார் இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "மணியம், நான் உமக்கு வயரைத்தான் படிப்பிச்சனான்" என்றார். அந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

"திரும்பப் போய்ப் பாத்திட்டு வாரும்" என்றார். இந்தத் தடவை 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை.

ஒரு பகல் பொழுது போனேன். செல்வராணி மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். "அட, சிக்னல் சாரு!" ஓரமாகக் கூட்டிப் போய், கார்ட் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அதே போன்.

"அப்ப இந்தப் போனு நல்ல போனா சார்?"

"நல்ல போன்தான்."

"மூணு வருஷமா மட்டமான போன வாங்கிக் குடுத்து புள்ள வாழ்க்கைய நாந்தான் கெடுத்தேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன் சார்" என்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திரும்பவும் பரீட்ச எழுதச் சொல்லி டீச்சர் எவ்வளவோ சொன்னாங்க. அந்த நேரம் பாத்து அவ அப்பா விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டாரு. ஆறு மாசத்துக்குன்னு கார்மன்ட்ஸுல தைக்கப் போனா. அங்கேயே இருக்கா." பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களே அவகிட்ட சொல்லிருங்க சார். இப்ப சாப்பாட்டு நேரம். நா கொழுந்த நிறுத்துட்டு வந்துர்றேன்." வீடியோ அழைப்பை அழுத்திப் போனை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கார்டில் அது நன்றாகப் போகும். சிக்னலுக்காகப் பாறையில் ஏறினேன்.

கௌசல்யா தலையில் தொப்பியோடு தெரிந்தாள். பின்னால் தையல் இயந்திரங்கள். மெலிந்திருந்தாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு கார்ட், சிம், பட்டியலில் இல்லாத வரி, வயர் காலத்துப் பாடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"எனக்கும் தெரியாதே சார். அம்மாவுக்கும் தெரியாது. அதுக்கு யாரு என்னா செய்யிறது" என்றாள். கோபமே இல்லாத குரல். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா ஒங்க போன்ல தெறந்திச்சு சார். நா பாத்தேன். பச்சக் கலருல வந்திச்சு. பேரு எழுதுற கட்டம் வரைக்கும் வந்திருச்சு. ஒரு மணி நேரம்தான் கேட்டேன்."

அங்கே மணி அடித்தது.

"பெல் அடிச்சிட்டாங்க சார், வைக்கிறேன். அம்மா பகல்ல சாப்பிடாமக் கெடக்கும். சாப்பிடச் சொல்லுங்க."

கீழே இறங்கினேன். செல்வராணி வெறுங்கூடையோடு வந்தார். "என்னா சார் சொன்னா?" என்று கேட்டார்.

"ஒங்கள சாப்பிடச் சொன்னா" என்றேன். மற்றதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அதைத்தான் கருத்து என்று இங்கே எழுதியிருக்கிறேன்.